குதிரைலாடத்தின் மேல் ஒரு நாள்: வேல்ஸின் கிரிப் கோஹ் முகட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

நடை தொடங்கும் இடமான பென்-அ-பாஸிலிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் ஒரு சிறு கணவாய் வரும். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போவது மலையைப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போகும் சாதாரணப் பாதை. வலப்பக்கம் மேலேறுவது பாறைச்சுவரில் போய் முட்டுகிறது. முதல்முறை போனபோது அந்தப் பிரிவில் பத்து நிமிடம் நின்றேன். காற்று ஆளைத் தள்ளியது, பாறையின் மேல்பாதியை மேகம் விழுங்கியிருந்தது. திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் போய் முழுச் சுற்றையும் முடித்தேன். இந்த மலையில் நான் செய்தவற்றில் உருப்படியானது எதுவென்று கேட்டால், முதல்முறை திரும்பியதைத்தான் சொல்வேன்.

வடமேற்கு வேல்ஸில் எரரி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது இந்த மலை. ஆங்கிலத்தில் ஸ்னோடன், வெல்ஷ் மொழியில் அர் வித்வா. வெல்ஷ் பெயர்களையே பயன்படுத்துவது என்று பூங்கா நிர்வாகம் 2022 நவம்பரில் முடிவெடுத்ததால் பலகைகளிலும் இப்போது அதையே பார்ப்பீர்கள். உயரம் 1085 மீட்டர். இமயத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் உச்சிக்குக் கிழக்கே இரண்டு கைகளை நீட்டியதுபோல் இரண்டு முகடுகள் இறங்குகின்றன. நடுவே இரண்டு ஏரிகள். வடக்குக் கையில் ஏறி, உச்சியைத் தொட்டு, தெற்குக் கை வழியே இறங்கினால் குதிரைலாடம் போன்ற ஒரு வட்டம் முடியும். சுமார் 12 கிலோமீட்டர். ஏற்றங்களைக் கூட்டினால் ஆயிரம் மீட்டருக்கு மேல். புதியவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. இதில் வடக்குக் கைதான் கிரிப் கோஹ், அதாவது செம்முகடு. உயரம் 923 மீட்டர். அகலம் சில இடங்களில் ஒரு திண்ணையைவிடக் குறைவு.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்ஷ் எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அவர்கள் இரட்டை ‘டி’ போட்டு எழுதும் ஒலி நம் ‘அது’வில் வரும் த, ‘கோஹ்’ முடியும் இடத்தில் வருவது ‘எஃகு’வில் நாம் எழுதும் ஆய்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன். இங்கிலாந்துக்காரர்கள் தடுமாறும் இடத்தில் நமக்கு நாக்கு புரளும். உள்ளூர் பஸ் ஓட்டுநரிடம் ‘அர் வித்வா’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

எரிமலை என்றால் என்ன எரிமலை?

“எரிமலையில் ஏறப்போகிறோம்” என்று சொல்லி அழைத்தால் பிள்ளைகள் உற்சாகமாகக் கிளம்புவார்கள். பிறகு வாய் எங்கே என்று கேட்பார்கள். வாய் கிடையாது. மேலிருந்து பார்க்கையில் கிண்ணத்துக்குள் கிடப்பதுபோல் தெரியும் கிளாஸ்லின் ஏரியைப் பலர் எரிமலை வாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பனியாறு குடைந்த குழி.

எரிமலைகள் இங்கே குமுறியது சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இந்த இடத்தில் கடல் இருந்தது. வெடித்த சாம்பல் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. பிறகு நிலம் மடிந்து உயர்ந்தது. உச்சிக்கு அருகிலுள்ள பாறையில் சிப்பி வகை உயிர்களின் படிவங்கள் இருப்பது அதனால்தான். கடைசியாகப் பனியுகத்தில் பனியாறுகள் மலையின் பக்கங்களைச் சுரண்டித் தின்றன. இரண்டு பக்கமும் சுரண்டப்பட்டு நடுவில் எஞ்சிய கத்திமுனைதான் கிரிப் கோஹ்.

இந்தக் கதையில் நடப்பவருக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இறுகிய எரிமலைப் பாறை சொரசொரப்பானது. காய்ந்திருக்கும்போது பூட்ஸ் அதில் ஒட்டிக்கொள்வதுபோல் நிற்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் கால் வைக்கும் இடங்கள் கோயில் படிபோல வழவழப்பாகிவிட்டன. மழை பட்டால் அவை சோப்புக்கட்டி. மழையோ இங்கே தாராளம். கிரிப் கோஹ் மீது பதிவான ஆண்டுச் சராசரி 4,473 மில்லிமீட்டர். பிரிட்டனிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. லண்டனில் பெய்வதைப்போல் ஏழு மடங்கு.

முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

பிரிட்டனில் கையையும் ஊன்றி ஏறும் தடங்களை 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். கிரிப் கோஹ் தரம் 1, அதாவது இருப்பதிலேயே எளிது. இந்த ‘1’ ஏமாற்றுக்கார எண். பிடிகளும் படிகளும் பெரியவை, கயிறில்லாமலே பெரும்பாலோர் போகிறார்கள் என்ற அளவில்தான் அது உண்மை. காலுக்கடியில் நூற்றுக்கணக்கான அடி வெற்றிடம் இருக்கும்போது உங்கள் முழங்கால் என்ன செய்யும் என்பதை அந்த எண் அளப்பதில்லை. இந்த முகட்டில் சறுக்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. அவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

ஆகவே இது உங்கள் முதல் மலையாக இருக்கக் கூடாது. நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஒரு முறை இதே மலையின் சாதாரணப் பாதைகளில் உச்சிக்குப் போய் வாருங்கள். பென்-அ-பாஸிலிருந்து பிக் பாதையில் ஏறி, சுரங்கத் தொழிலாளர் பாதையில் இறங்கினால் இடமும் பிடிபடும், முட்டியின் நிலவரமும் தெரியும். அடுத்து, பக்கத்துக் கிளைடராய் மலைத்தொடரில் இட்வால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் அ கிரிபின் முகடு. அதுவும் தரம் 1தான், ஆனால் இவ்வளவு நீண்ட கத்திமுனை கிடையாது. அங்கே கையூன்றி ஏறும்போது மனம் அமைதியாக இருந்தால் கிரிப் கோஹ் பற்றி யோசிக்கலாம். நெஞ்சு படபடத்தால் அதையும் மரியாதையாக ஏற்றுக்கொள்ளுங்கள். மலைக்கு அவசரம் இல்லை.

தனியாகப் போகத் தயக்கம் என்றால் பயிற்றுநரை அமர்த்திக்கொள்வது நல்ல செலவு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: கயிறு போட்டு அழைத்துச் செல்லும் தகுதி அவருக்கு உண்டா? நடைப்பயண வழிகாட்டிக்கும் மலையேற்றப் பயிற்றுநருக்கும் சான்றிதழ்கள் வேறு வேறு. கூட்டமாக இருபது பேரைத் திரட்டிக்கொண்டு போகும் உற்சாகப் பயணங்களை நான் நம்புவதில்லை. முகட்டின் நடுவில் ஒருவர் உறைந்து நின்றுவிட்டால் மற்ற பத்தொன்பது பேரும் காற்றில் நிற்க வேண்டியதுதான். மூன்று அல்லது நான்கு பேர் போதும்.

நாள் பார்ப்பது

மே முதல் செப்டம்பர் வரை. அதற்குள்ளும் காய்ந்த, காற்றில்லாத நாள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனியும் உறைபனியும் இருக்கக்கூடும். அப்போது இது பனிக்கோடரியும் காலில் மாட்டும் பனிமுட்களும் தெரிந்தவர்களுக்கான வேறு விளையாட்டு.

வானிலை பார்க்கும்போது கீழே உள்ள ஊரின் நிலவரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. அதில் மழையைவிட முதலில் பார்க்க வேண்டியது 900 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம். திடீர் வீச்சு மணிக்கு 25 மைலைத் தாண்டும் என்று போட்டிருந்தால் நான் அன்று போவதில்லை. இது என் சொந்தக் கணக்கு. நீங்கள் இன்னும் குறைவாக வைத்துக்கொண்டாலும் யாரும் கேலி செய்யப் போவதில்லை. மேகம் மலையை மூடும் என்றாலும் வேண்டாம். வழி தவறுவது ஒருபுறம் இருக்க, ஈரம் ஏறிய பாறையின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

லண்டனிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. ரயில் டிக்கெட் வாங்கி, அறை பதிந்து, விடுப்பும் எடுத்து வந்த பிறகு மழை பெய்தால் “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று மனம் இழுக்கும். அந்த வாக்கியம் யார் வாயிலிருந்து வந்தாலும் எச்சரிக்கையாகிவிடுங்கள். மாற்றுத் திட்டம் ஒன்றை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டால் மனம் மாறுவது எளிது. என் மாற்று எப்போதும் சுரங்கத் தொழிலாளர் பாதைதான்; ஏரிக்கரை வரை போய்த் திரும்பினாலே வந்த காசுக்கு மோசமில்லை.

போய்ச் சேருவது

லண்டன் யூஸ்டனிலிருந்து பேங்கருக்கு ரயில். அங்கிருந்தும் பெட்டுஸ்-அ-கோயிட், ஹ்லான்பெரிஸ் போன்ற ஊர்களிலிருந்தும் ‘ஷெர்பார் வித்வா’ என்ற பஸ்கள் மலையைச் சுற்றி ஓடுகின்றன. காரில் வருபவர்கள் கவனிக்க: பென்-அ-பாஸ் கார் நிறுத்தம் சிறியது, பருவகாலத்தில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. சாலையோரம் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்து ஊரான நாண்ட் பெரிஸில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறுவதே நிம்மதி. முதல் பஸ், கடைசி பஸ் நேரங்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது.

முந்தைய இரவு பென்-அ-பாஸ் விடுதியிலேயே தங்க முடிந்தால் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். சற்றுக் கீழே பென்-அ-குரிட் என்ற பழைய ஓட்டல் இருக்கிறது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழு பயிற்சிக்காகத் தங்கியது அங்கேதான். அவர்கள் கையெழுத்திட்ட கூரையை இன்னும் காட்டுகிறார்கள்.

மூட்டையில் என்ன?

கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பாகம் விறைப்பான பூட்ஸ். ஓட்டப்பந்தயக் காலணியில் போகிறவர்களையும் பார்ப்பீர்கள். அவர்களைப் பின்பற்ற வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காலோடு ஒட்டிக் குளிரை உள்ளே இறக்கும். மேல்சட்டை, கால்சட்டை இரண்டுக்கும் மழைக்காப்பு. கோடையானாலும் ஒரு கம்பளித் தொப்பியும் கையுறையும். தலைக்கவசம் அணிந்தால் நல்லது. உங்களுக்கு மேலே போகிறவர் தட்டிவிடும் கல் ஆள் பார்த்து விழுவதில்லை. தலையில் மாட்டும் டார்ச். விசில். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவிலான ஓஎல்17 வரைபடமும் திசைகாட்டியும், கூடவே இரண்டையும் படிக்கத் தெரிந்த ஒருவரும். கைப்பேசி வரைபடம் நல்லதுதான், ஆனால் குளிரில் பேட்டரி பாதியில் கைவிடும். நடைக்கோல்களை முகட்டுக்கு முன்பே மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அங்கே உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.

தண்ணீர் இரண்டு லிட்டர். சாப்பாடு உங்கள் விருப்பம். நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறேன். அது ரொட்டியைவிடத் தாங்கும், குளிரிலும் ருசி மாறாது. ஆனால் முகட்டில் டப்பாவைத் திறந்து உட்கார இடமில்லை. அதனால் ஏறும்போது கொறிக்கக் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் சட்டைப்பையில் தனியாக இருக்கட்டும்.

கிளம்புமுன் யாராவது ஒருவரிடம் எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வரும், வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆபத்தென்றால் 999ஐ அழைத்து, முதலில் போலீஸ் என்றும் பிறகு மலை மீட்பு என்றும் கேட்க வேண்டும். பேசச் சிக்னல் இல்லாவிட்டாலும் குறுஞ்செய்தி சில சமயம் போகும். அதற்கு உங்கள் எண்ணை முன்பே பதிந்திருக்க வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் வழிமுறை வரும். இதை இன்றைக்கே செய்துவிடலாம். விசிலானால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு. மீட்புக்கு வருகிறவர்கள் தொண்டர்கள். காசு வாங்குவதில்லை, தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஏற்றம்: பென்-அ-பாஸிலிருந்து பன்றிக் கணவாய் வரை

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். பென்-அ-பாஸ் ஏற்கெனவே 359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார் நிறுத்தத்திலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன. அகலமாக, வண்டிப்பாதை போல் போவது சுரங்கத் தொழிலாளர் பாதை. அதில்தான் மாலையில் திரும்பி வருவீர்கள். இப்போது கல்படிகளாய் ஏறும் பிக் பாதையில் போக வேண்டும்.

வட்டத்தை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று சிலர் கேட்பதுண்டு. கிரிப் கோஹ் முதலில்தான். செங்குத்தான பாறையில் ஏறுவது இறங்குவதைவிடச் சுலபம், உடம்பும் புதிதாக இருக்கும். எதிர்த்திசையில் வந்தால், வருகிறவர்களுக்கெல்லாம் கத்திமுனையில் ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும்.

முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்தில் புல்ஹ் அ மோஹ். பன்றிக் கணவாய் என்று பொருள். பிக் பாதைக்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் பன்றிகளாலா, பென்-அ-குரிட் ஓட்டலின் முதலெழுத்துகளாலா, செப்புச் சுரங்கத்துக்குச் சுமந்து போன கறுப்புத் தாரைக் குறிக்கும் வெல்ஷ் சொல்லாலா என்று உள்ளூரில் இன்னும் தகராறு தீரவில்லை. இங்கே முதன்முறையாகக் கீழே ஹ்லடாவ் ஏரி விரியும். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். முதல் பத்தியில் நான் நின்ற இடம் இதுதான்.

இங்கே மூன்று கேள்விகள். மேலே பாறை தெரிகிறதா? காற்று உங்களை நிலைகுலையச் செய்கிறதா? கூட வந்தவர்களில் யாராவது வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருக்கிறார்களா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பயம் பெரும்பாலும் மௌனமாகத்தான் வரும். ஒருவருக்குச் சரியில்லை என்றால் எல்லோரும் பிக் பாதையிலேயே உச்சிக்குப் போய்விடலாம். அதுவும் அருமையான நாள்தான். இதற்கு நேர்மாறும் நடக்கிறது: பிக் பாதையில் போக வந்தவர்கள் முன்னால் போகும் கூட்டத்தைப் பார்த்து வலப்பக்கம் திரும்பி, எங்கே வந்தோம் என்று தெரியாமலே முகட்டின் மேல் போய் நின்றுவிடுகிறார்கள்.

கத்திமுனை

கணவாயிலிருந்து பாதை மெல்ல மெல்லப் பாறையாக மாறுகிறது. பிறகு ஒரு செங்குத்துப் படிக்கட்டு. உண்மையில் கையும் காலும் சேர்ந்து ஏற வேண்டிய பாறை மூக்கு. இங்கே பழைய விதியைப் பின்பற்றுங்கள்: நான்கு உறுப்புகளில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க, ஒன்று மட்டும் நகர வேண்டும். கையால் உடம்பை இழுக்காதீர்கள், காலால் தள்ளுங்கள். ஒவ்வொரு பிடியையும் முதலில் தட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் பாரத்தைக் கொடுங்கள். பலர் கால் வைத்து வழவழப்பான கல்லும், பனிமுட்கள் கீறிய வெண்கோடுகளும் வழி காட்டும். அவை இல்லாத இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் வழி மாறிவிட்டது. ஏறிக்கொண்டே போகாமல் வந்த இடத்துக்கு இறங்குங்கள்.

இந்த மூக்கில் ஏறும்போது திணறினால் அங்கேயே திரும்புங்கள். இதற்கு மேல் திரும்புவது நேரத்துக்கு நேரம் கடினமாகிக்கொண்டே போகும், ஏனென்றால் ஏறியதை எல்லாம் இறங்க வேண்டும்.

மேலே வந்ததும் முகடு மேற்கு நோக்கி நீண்டு கிடக்கும். முதல் பார்வையில் “இதன் மேலா?” என்று தோன்றும். வலப்பக்கம், ஹ்லான்பெரிஸ் கணவாய்ப் பக்கம், மலை அப்படியே அறுந்து விழுகிறது. இடப்பக்கம் சரிவு செங்குத்துதான் என்றாலும் படிகள் உண்டு. உத்தி இதுதான்: முகட்டின் உச்சிக்கோட்டைக் கைப்பிடிச் சுவராக வைத்துக்கொள்ளுங்கள். கைகள் உச்சியில், கால்கள் இடப்பக்கம் ஓரிரு அடி கீழே. சிலர் உச்சிக்கோட்டிலேயே கையை வீசிக்கொண்டு நடந்து போவார்கள். போகட்டும். இடப்பக்கம் அதிகமாகக் கீழே இறங்குவதும் தவறு, கற்கள் பெயரும் சரிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

மிகக் குறுகிய இடத்தில் கால் நடுங்கினால் உட்கார்ந்துவிடுங்கள். குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் காலைப் போட்டுக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றி முன்னால் நகரலாம். கால்சட்டையின் பின்பக்கம் தேயும், மானம் தேயாது. என்னோடு வந்த நண்பர், அலுவலகத்தில் யாருக்கும் அஞ்சாதவர், ஒரு இருபது அடியை அப்படித்தான் கடந்தார். எதிரே பார்வையை அடுத்த பிடியில் மட்டும் வைக்கச் சொன்னேன். “ஏரியைப் பார்” என்று இயற்கைக் காட்சியை வர்ணிக்கும் நேரம் அதுவல்ல.

முகட்டின் மேற்குக் கோடியில் மூன்று பாறைக் கூர்கள். களைப்பும் “முடிந்துவிட்டது” என்ற நினைப்பும் சேரும் இடம் இது, ஆகவே மெதுவாக. முதல் இரண்டையும் இடப்பக்கமாக ஒட்டிச் சுற்றலாம். மூன்றாவதற்கு முன் ஒரு சிறு இடைவெளியில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பிடிகள் நன்றாக இருக்கின்றன. இங்கேயும் இடப்பக்கம் கீழே ஓடும் சரளைப் பள்ளம் சுலபமான வழிபோல் ஆசை காட்டும். இறங்காதீர்கள். வலப்பக்க வடசரிவும் அப்படியே. முகட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் புதியவர்களுக்குப் பக்கவழி என்று ஒன்று கிடையாது.

கூர்களைத் தாண்டியதும் புல்ஹ் கோஹ், செங்கணவாய். புல் முளைத்த மண்ணில் கால் படும். உலகத்தில் இதைவிட நல்ல புல் கிடையாது. டப்பாவைத் திறக்கலாம்.

உச்சியும் கூட்டமும்

செங்கணவாயிலிருந்து மறுபடி ஏற்றம், இடையிடையே கையூன்றல், ஆனால் முன்பு பட்ட கஷ்டத்துக்குப் பிறகு இது பழகிவிட்டதுபோல் இருக்கும். நில அளவைத் தூண் நிற்கும் இடம் கார்னெத் இகைன், 1065 மீட்டர், வேல்ஸின் இரண்டாவது உயரம். பக்கத்து உச்சியில் மொய்க்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டாமவனை எட்டிப் பார்ப்பதில்லை.

அங்கிருந்து இறங்கினால் தண்டவாளம். ஆமாம், ரயில். 1896இல் திறந்த பற்சக்கர ரயில் ஹ்லான்பெரிஸிலிருந்து மேலே வருகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேரும் உங்கள் அருகே செருப்பணிந்த குடும்பம் ஒன்று ஐஸ்கிரீம் பேச்சோடு நடந்து போகும். கோபம் வரும், சிரிப்பும் வரும். உச்சிக்கல்லைத் தொட வரிசை நிற்கும். 2009இல் கட்டிய ஹவோத் எரரி கட்டடம் திறந்திருந்தால் தேநீர் கிடைக்கலாம். குளிர்காலத்தில் மூடியிருக்கும், மற்ற நாளிலும் அதை நம்பி உணவோ தண்ணீரோ குறைத்து எடுத்து வராதீர்கள்.

‘வித்வா’ என்பதற்குச் சமாதி மேடு என்று பொருள் சொல்கிறார்கள். மன்னர்களின் தாடிகளை வெட்டிப் போர்வை தைத்த ரிட்டா என்ற அரக்கனை ஆர்தர் மன்னன் கொன்று இங்கே புதைத்ததாகக் கதை.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தாலோ, காற்று எழுந்திருந்தாலோ, முட்டி முனகினாலோ வட்டத்தை இங்கேயே வெட்டிவிடலாம். சற்றுப் பின்னால், பாதைகள் சேரும் கணவாயில் நிமிர்த்தி நட்ட கல்லருகே பிக் பாதை இறங்குகிறது. பாதி வட்டம் என்று யாரும் பட்டியலில் எழுதப் போவதில்லை.

இறக்கமும் இன்னொரு ஏற்றமும்

தொடர்பவர்கள் உச்சியிலிருந்து தென்மேற்கு முகட்டில் சில நிமிடங்கள் நடந்தால் இன்னொரு நட்ட கல் வரும். அதில் இடப்பக்கம் திரும்புவது வாட்கின் பாதை. ரயில் முதலாளியும் நாடாளுமன்ற உறுப்பினருமான எட்வர்ட் வாட்கின் போட்ட பாதை இது. 1892இல் திறந்து வைக்க 82 வயதில் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்தார். அவர் இந்த மேல்பகுதிக்கு வரவில்லை, வந்திருந்தால் திறப்பு விழா நடந்திருக்காது. நடந்த நாளின் எரிச்சலூட்டும் பகுதி இதுதான்: செங்குத்தான சரிவு, காலடியில் உருளும் சரளை. நடைக்கோலை இப்போது எடுங்கள். உருளும் கல் கீழே இருப்பவர் மேல் விழாமலிருக்க ஒருவருக்கொருவர் நெருக்கமாகவோ, ஒரே நேர்கோட்டில் வராமலோ இறங்குங்கள்.

கீழே புல்ஹ் அ சைதை, அம்புக் கணவாய். ஆர்தர் கடைசிப் போரில் விழுந்தது இங்கே என்பது உள்ளூர் நம்பிக்கை. அதன் மறுமுனையில் வாட்கின் பாதை வலப்பக்கம் நாண்ட் குவினண்ட் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். நாளின் கடைசி வெளியேறும் வழி அதுதான். ஆனால் உங்கள் வண்டி இல்லாத பக்கத்தில் கொண்டுபோய் விடும், பஸ் நேரம் தெரிந்திருக்க வேண்டும்.

நேரே எதிரே ஹ்லிவெத், 898 மீட்டர். களைத்த காலுக்கு அது சுவர்போல் தெரியும். கையூன்றும் வேலை மீண்டும் உண்டு, கிரிப் கோஹ் அளவுக்கு இல்லை. இம்முறை பள்ளம் இடப்பக்கம். சுமார் 300 மீட்டர் பாறைமுகம் ஏரியை நோக்கி இறங்குகிறது. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரி இளமையில் ஏறிப் பழகிய பாறைகளில் இதுவும் ஒன்று. விளிம்பை ஒட்டிப் போனால் காட்சி. சற்று வலப்பக்கம் தள்ளிப் போனால் நிம்மதி. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், வெட்கமில்லை. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் காலையில் வந்த செம்முகடு முழுதாக எதிர்ப்பக்கம் நிற்கும், அதன் மேல் எறும்புகள்போல் மனிதர்கள்.

ஹ்லிவெத்தின் இரட்டை உச்சி தாண்டி, ஹ்லிவெத் பாஹ் என்ற சிறு மேடும் தாண்டியதும் கற்குவியல் ஒன்று இடப்பக்கம் இறங்கும் பாதையைக் காட்டும். அதைத் தவறவிட்டு முகட்டிலேயே போனால் தேவையில்லாத பள்ளத்தாக்கில் போய் இறங்குவீர்கள். கணுக்கால் சுளுக்குவதற்குக் கிரிப் கோஹைவிட இந்த இறக்கம் தோதானது. பயம் தீர்ந்துவிட்டது, கவனமும் போய்விட்டது, படிகளோ ஒழுங்கில்லாதவை. பத்து நிமிடம் உட்கார்ந்து மீதிப் புளிசாதத்தைத் தின்றுவிட்டு இறங்குங்கள்.

ஹ்லடாவ் ஏரிக்கரையில் சுரங்கத் தொழிலாளர் பாதையில் சேர்ந்து வலப்பக்கம் திரும்புங்கள். இடப்பக்கம் தெரியும் ஏரி நடுவிலான கல்மேடு, செப்புத்தாது கொண்டுபோக 1853இல் போட்ட பாதை. இனி இரண்டரை கிலோமீட்டர் அகலமான, யோசிக்கத் தேவையில்லாத சாலை. பேசாமல் வந்தவர்கள் இங்கே பேச ஆரம்பிப்பார்கள்.

பென்-அ-பாஸ் வந்ததும் தேநீருக்கு ஓடுமுன் காலையில் சொல்லிவிட்டு வந்தவருக்குச் செய்தி அனுப்புங்கள். சிக்னல் இல்லையென்றால் பஸ் கிளம்புமுன் விடுதியில் கேட்டாவது சொல்லிவிடுங்கள். முதல் சுற்றை முடித்த அன்று நான் இதை மறந்து ஊர்போய்க் குளித்துக்கொண்டிருந்தேன். மீட்புக் குழுவை அழைக்க என் அக்கா கைப்பேசியை எடுத்துவிட்டிருந்தார். இப்போதும் எந்த மலைக்குக் கிளம்பினாலும் “போன தடவை மாதிரி செய்யாதே” என்றுதான் அக்கா வழியனுப்புகிறார்.